செவலைப் பசுவும் 1871-ஆம் வருஷச் சட்டமும்

எங்கள் ஊருக்குள் பஸ் வராது. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி, ரெண்டு மைல் கரிசல் காட்டு வழியாக நடக்கணும். அந்த ஸ்டாப்புக்குப் பேர் 'பவுண்டு'. "பவுண்டெல்லாம் எந்திரிச்சு வா" என்றுதான் கண்டக்டர் குரல் கொடுப்பார். இப்போது அங்கே இருப்பது ஒரு குடிதண்ணீர்த் தொட்டி, ஒரு டீக்கடை, வேலிக்கருவைப் புதருக்குள் இடுப்பு உயரத்துக்கு மிச்சம் நிற்கிற ஒரு கல்சுவர் மூலை. அவ்வளவுதான். சின்ன வயசில் பவுண்டு என்றால் வெள்ளைக்காரன் காசு, யாரோ ஒரு துரை இந்த இடத்தில் தொலைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன்.

அது மாட்டுப் பவுண்டு என்று சொன்னது என் ஆச்சி, அம்மாவைப் பெற்றவள். அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் "எம் மாட்டத் தின்ன எடம்" என்று ஒரு சத்தம் வைதுவிட்டுத்தான் நடப்பாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான கதை அது. அரியலூரில் தூத்துக்குடி ரயில் கவிழ்ந்த கார்த்திகை, அதாவது 1956 நவம்பர். ஆச்சியிடம் ஒரு செவலைப் பசு. ஈன்று மூணு மாசம். ஒரு ராத்திரி கயிற்றை அறுத்துக்கொண்டு போய், தாத்தாவின் பங்காளி ஒருவர் உளுந்துக் காட்டில் மேய்ந்துவிட்டது. விடிந்ததும் அவர் அதைப் பத்திக்கொண்டு போய்ப் பவுண்டில் அடைத்துவிட்டார். தாத்தாவுக்கு ரோஷம். "அடச்சவன் அவன்தான, அவனே தெறந்து விடட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். அவரை மீறிப் போய்க் கட்ட ஆச்சியிடம் காசு கிடையாது. பதினேழாம் நாள் மாடு ஏலத்தில் போய்விட்டது. கன்றுக்குட்டி மட்டும் வீட்டில் நின்றது. "சர்க்கார் எம் மாட்டத் தின்னு ஏப்பம் விட்டுருச்சு" என்பது ஆச்சியின் தீர்ப்பு.

2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தபோது டிவியில் ஒரே காப்பகப் பேச்சு. எல்லா நாயையும் பிடித்துக் காப்பகத்தில் அடை என்று ஒரு கட்சி, அடைக்காதே என்று ஒரு கட்சி. எனக்கு அந்தக் கல்சுவர் மூலை ஞாபகம் வந்தது. நம் பக்கத்து ஊர் ஒவ்வொன்றிலும் அரசாங்கமே நடத்திய ஒரு விலங்குக் காப்பகம் இருந்ததே, அது என்ன செய்தது என்று பார்க்கலாமென்று, பவுண்டுகளை உண்டாக்கிய 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தொரு பிரிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் படித்துவிடலாம். படித்து முடித்ததும் ஆச்சி கதையில் ஒரு பாதி தலைகீழாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பட்டி. கோவில்பட்டியே பட்டிதான். பட்டி என்றால் சிற்றூர் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். மாட்டுத் தொழுவம், ஆட்டுக் கிடை என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கட்டுக்கு அடங்காமல் ஊரான் வெள்ளாமையில் மேய்கிற மாட்டைப் பட்டிமாடு என்பார்கள். கொண்டிமாடு என்றும் சொல்வது உண்டு. அதை அடைக்கிற இடம் கொண்டித்தொழு. ஆகவே அடைக்கிற வழக்கத்தை வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கவில்லை. அவன் கொண்டுவந்தது ரசீது புத்தகமும் ஏலமும்.

கரிசலில் இந்தத் தகராறு ஏன் இவ்வளவு பெரிசு என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. இது வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கினால் விதைப்பு. உளுந்து, பாசி, கம்பு, சோளம், மல்லி, பருத்தி. தை, மாசியில் தானியம் வீடு வந்து சேரும். பருத்தி இன்னும் கொஞ்சம் இழுக்கும். காடு முழுக்க ஒரே வெட்டவெளி. வேலி போடக் கல்லும் கிடையாது, மரமும் கிடையாது. இன்று எங்கே பார்த்தாலும் நிற்கிற வேலிக்கருவை அன்றைக்கு இந்த அளவுக்குப் பரவவில்லை. ஒருத்தன் காடு எங்கே முடிகிறது, அடுத்தவன் காடு எங்கே தொடங்குகிறது என்பது ஒரு வரப்பு, சில இடத்தில் அதுவும் இல்லாமல் ஒரு கல். மாட்டுக்கு அது தெரியுமா?

அதே காட்டில் சித்திரையில் போய் நின்று பாருங்கள். அறுவடை முடிந்து தட்டைதான் கிடக்கும். அப்போது யார் மாடும் மேயலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காதது மட்டுமில்லை, ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நம்ம காட்டுல நாலு நாள் கிடை போடுங்க" என்று சொல்லி, தானியமோ காசோ கொடுப்பார்கள். ராத்திரி முழுக்க ஆடுகள் அடைந்து கிடந்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த வெள்ளாமைக்கு அதுதான் உரம். கி. ராஜநாராயணன் 'கிடை' என்றே ஒரு குறுநாவல் எழுதினார். அவருடைய இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். சித்திரையில் கூலி கொடுத்து அழைத்துவரப்படுகிற அதே ஆடு கார்த்திகையில் திருட்டு ஆடு. நாலைந்து மாசத்துக்குத்தான் இந்தப் பகை. அந்த நாலைந்து மாசத்தில் ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு அடங்கியிருக்கிறது. பங்காளித் தாத்தாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். காய் பிடித்து நிற்கிற உளுந்தை ஒரு பசு ஒரு ராத்திரியில் என்ன பாடு படுத்தும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தின்றதைவிட மிதித்தது ஜாஸ்தி இருக்கும்.

பழைய காலத்தில் இந்த வழக்கு ஊருக்குள் தீர்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் காவல் முறை இருந்தது. ஊர்க்காவலுக்கு இத்தனை, திசைக்காவலுக்கு இத்தனை என்று விளைச்சலில் பங்கு வாங்கிக்கொள்கிற காவல்காரர், களவு போனதைக் கண்டுபிடித்துத் தரணும். முடியாவிட்டால் ஈடு கட்டணும். அதை ரொம்பவும் சிலாகிக்க வேண்டியதில்லை, காவல் கூலி கொடுக்காத ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு வேறு கதைகள் உண்டு. இங்கே எனக்கு வேண்டியது ஒரு விஷயம்தான்: நஷ்டப்பட்டவன் கைக்கு ஈடு வந்தது. 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, பாளையங்களை ஒடுக்கிய பிறகு, கம்பெனி சர்க்கார் காவல் உரிமையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. எடுத்த இடத்தில் ஒன்றை வைக்கணும் இல்லையா. வைத்தவற்றில் ஒன்று பவுண்டு.

இங்கிலாந்தில் கிராமத்துக்கு ஒரு பவுண்டு பல நூறு வருஷமாக இருந்த ஏற்பாடு. அந்தச் சொல்லுக்கே அடைப்பு என்றுதான் அர்த்தம், காசோடு சம்பந்தம் இல்லை. இந்தியாவுக்கு 1857-ல் முதல் சட்டம் போட்டார்கள். அந்த வருஷம் அவர்களுக்கு இருந்த தலைவலியில் மாட்டுக்கும் சட்டம் எழுத நேரம் இருந்திருக்கிறது பாருங்கள். அதையும் 1860-ல் வந்த திருத்தத்தையும் ஒன்றாக்கி எழுதியது 1871-ஆம் வருஷத்து முதலாம் சட்டம். சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று தலைநகரங்களுக்கு அது கிடையாது. மற்ற இடங்களில் எங்கெங்கே பவுண்டு வேண்டும் என்று ஜில்லா மாஜிஸ்திரேட் முடிவு செய்வார். பவுண்டுக்காரர் வேறு சர்க்கார் உத்தியோகமும் சேர்த்துப் பார்க்கலாம். பிற்பாடு இதெல்லாம் உள்ளாட்சிகள் கைக்கு வந்தது.

அபராதப் பட்டியல் சுவாரசியமானது. யானைக்கு 2 ரூபாய். ஒட்டகம், எருமைக்கு 8 அணா. குதிரை, காளை, பசுவுக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. செம்மறி, வெள்ளாடு, குட்டிக்கு 1 அணா. அரசு வேண்டும்போது மாற்றிக்கொள்ளவும் இடம் வைத்திருந்தார்கள். கரிசலில் யானையும் ஒட்டகமும் வந்து மேய்ந்ததில்லை, ஆக நமக்குக் கணக்கு எட்டணாவிலிருந்துதான் தொடங்கும். இதோடு தீனிச் செலவு தனி. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மாஜிஸ்திரேட் நிர்ணயிப்பார், அந்தத் தொகையைப் பவுண்டு வாசலில் பலகையில் எழுதிப் போடணும்.

இந்த அபராதம் யாருக்குப் போகும்? நானும் வெள்ளாமைக்காரருக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. பவுண்டுக்காரர் சம்பளம், பவுண்டு கட்டுமானச் செலவு, அது போக மிச்சம் இருந்தால் ரோடு, பாலம் போன்ற பொதுக் காரியத்துக்கு என்று 1871-ல் எழுதி வைத்தார்கள். மேய்ந்ததற்கு நஷ்டஈடு வேண்டுமென்றால் வெள்ளாமைக்காரர் தனியாகக் கோர்ட்டுக்குப் போகணும். நாலு மரக்கால் உளுந்துக்கு எவன் கோர்ட்டுக்குப் போவான்? ஆகவே மாட்டை அடைப்பதால் அவருக்குக் கிடைப்பது மனசு ஆறுதல் மட்டும். எங்கள் பங்காளிச் சண்டை மூணு தலைமுறை ஓடியதற்கு இந்த ஒரு ஓட்டை போதும். அவருக்கு உளுந்து போனது போனதுதான். எங்களுக்கு மாடு போனது போனதுதான். எங்கேயோ ஒரு பாலத்துக்கு நாலு செங்கல் கூடியிருக்கும்.

இதுவரை படித்ததில் ஆச்சி சொன்னது அப்படியே சரி. ஒன்பதாம் பிரிவில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடைக்கப்பட்ட கால்நடையைப் பவுண்டுக்காரர் தன் பொறுப்பில் ஏற்று, அது வெளியே போகிறவரை தீனியும் தண்ணியும் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் அவருக்கே ஐம்பது ரூபாய் வரை அபராதம் என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. மாட்டுக்கு நாலணா, பட்டினி போட்டவருக்கு ஐம்பது ரூபாய். சட்டம் எழுதியவருக்கு ஆள் யார், அவருக்கு ஆசை எது என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. பவுண்டுக்காரர் ஏலத்தில் மாட்டை வாங்கவும் கூடாது.

அப்புறம் ரிஜிஸ்டர். எத்தனை உருப்படி, அடையாளம் என்ன, எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தது, பிடித்தவர் பேர், அவர் ஊர், சொந்தக்காரர் தெரிந்தால் அவர் பேரும் ஊரும். பிடித்துவந்தவர் கையில் அதற்கு ஒரு நகல். இருபது வருஷமாக டேட்டாபேஸ் வேலை பார்த்து வயிறு வளர்க்கிறேன், இதைவிடச் சுருக்கமாக ஒரு டேபிள் என்னால் போட முடியாது. ஏழு நாளில் யாரும் வந்து கேட்காவிட்டால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல். அங்கே நோட்டீஸ் ஒட்டணும், மாடு பிடிபட்ட ஊரிலும் பக்கத்துச் சந்தையிலும் தமுக்கு அடித்துச் சொல்லணும். அதற்கப்புறமும் ஏழு நாள் பொறுக்கணும். அப்புறம்தான் ஏலம்.

இன்றைய காப்பகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்து வந்ததை ஏற்றுக்கொள்வது, தீனி போடுவது, பதிவு வைப்பது, ஊருக்கு அறிவிப்பது, சொந்தக்காரரிடம் சேர்ப்பது. எல்லாம் இந்தப் பழைய சட்டத்தில் இருக்கிறது. லண்டனில் மேரி டீல்பி என்ற அம்மாள் 1860-ல் தெருவில் திரிகிற நாய்களுக்காக ஒரு லாயத்தில் தொடங்கிய இல்லம்தான் பின்னால் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. தொலைந்துபோன, பட்டினி கிடக்கிற நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்பது அதற்கு வைத்த பேர். அந்த இல்லம் பாட்டர்சீ என்ற இடத்துக்கு மாறியது 1871-ல். நம் பவுண்டுச் சட்டம் வந்த அதே வருஷம். அங்கே நாய்மேல் இரக்கப்பட்டு ஒரு இல்லம், இங்கே வெள்ளாமையைக் காக்க ஒரு இல்லம். நோக்கம் வேறு, தினசரி வேலை ஏறக்குறைய ஒன்று.

ஆச்சி கதையில் நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட ஒரு துண்டு உண்டு. மாடு பவுண்டில் இருந்த அந்தப் பதினாறு நாளும் அவள் தினமும் ரெண்டு மைல் நடந்து போனாள். தலையில் ஒரு கட்டுப் புல், கையில் கன்றுக்குட்டியின் கயிறு, இடுப்பில் ஒரு செம்பு. பவுண்டுக்காரர் கதவைத் திறந்து கன்றை உள்ளே விடுவார். கன்று ஊட்டி முடித்ததும் ஆச்சி மடியைக் கறந்துவிடுவாள், பால் கட்டிக்கொண்டால் மடிநோய் வந்துவிடுமே. கறந்ததில் ஒரு ஆழாக்கு பவுண்டுக்காரர் வீட்டுக்கு. "அவுக நல்ல மனுசன்தான்யா, என்ன செய்ய, ரூல் அப்படி" என்று அவரைப் பற்றி மட்டும் அவள் ஒரு சொல் வைததில்லை. ரெண்டாம் வாரம் அவர் "ஏம்மா, வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா, இல்லன்னா காசக் கொண்டா, நாளு ஆக ஆகக் கூடிக்கிட்டே போகுது" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். நாலணா அபராதம் முதல் நாளே நின்றுவிட்டது. கூடிக்கொண்டே போனது தீனிச் செலவு. பாதித் தீனி ஆச்சி தலைச்சுமையில் போனது, அதற்குக் கணக்கு கிடையாது.

சட்டம் வேறு ஒரு வழியும் வைத்திருந்தது. பிடித்ததே தப்பு என்று சொந்தக்காரர் நினைத்தால், தொகையை டெபாசிட்டாகக் கட்டிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம், பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். நல்ல வழிதான். வாசலிலேயே காசு கேட்கிற வழி. பலவந்தமாக மாட்டை மீட்டால் ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

இப்போது கதை தலைகீழான இடம். 16-ஆம் பிரிவு. சொந்தக்காரர் வந்தும் பணம் கட்டவில்லை என்றால் மாட்டை ஏலம் விடலாம். அபராதம், தீனிச் செலவு, ஏலச் செலவு மூன்றையும் கழித்துக்கொண்டு, மிச்சப் பணத்தைச் சொந்தக்காரரிடம் கொடுத்தாகணும். சும்மா கொடுத்தால் போதாது. எத்தனை மாடு பிடிபட்டது, எத்தனை நாள் இருந்தது, எவ்வளவு கழித்தது, ஏலத்தில் எவ்வளவு வந்தது என்று எழுத்தில் ஒரு கணக்கும் சேர்த்துக் கொடுக்கணும். யாரும் கேட்டு வராத பணமென்றால் மூன்று மாசம் டெபாசிட்டில் வைத்திருந்து, அப்புறம்தான் சர்க்கார் வரவில் சேர்க்கணும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தீனி நாளைக்கு நாலணா என்றே வைத்துக்கொண்டாலும் பதினாறு நாளைக்கு 4 ரூபாய். அபராதம் நாலணா. தமுக்கு, ஏலம் என்று இன்னும் ஒரு ரூபாய். கறவைப் பசு என்ன அடிமாட்டு விலைக்குப் போயிருந்தாலும் இதைவிடப் பல மடங்கு வந்திருக்கும். அந்த மிச்சம் ஆச்சியின் பணம். போய்க் கேட்டிருந்தால் கொடுத்தாகணும். கேட்கலாம் என்றே யாருக்கும் தெரியாது. தாத்தாவுக்கும் தெரியாது, பங்காளிக்கும் தெரியாது. "சர்க்கார் தின்னுருச்சு" என்ற ஒரு வார்த்தையோடு எங்கள் வீட்டில் அறுபது வருஷத்துக்கும் மேலாக அந்த வழக்கு முடிந்து கிடந்தது. ஆச்சி கேட்டிருந்தால் ஒரு கிடேரிக் கன்றாவது வாங்கியிருக்கலாம். நான் இதைக் கண்டுபிடித்தபோது அவள் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம்.

மாட்டுக்குத் தீனி போடணும் என்று சொன்ன சட்டம், மாட்டுக்காரிக்கு விஷயத்தைச் சொல்லணும் என்று சொல்லவில்லை. பழைய பவுண்டில் எனக்குப் படுகிற பெரிய குறை இதுதான். உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இடம், அந்த உயிரும் வீடும் பிரியாமல் பார்த்துக்கொள்ளத் தெரியாத இடம்.

இதற்குப் பிறகு வந்ததை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் ராஜ்யசபா நியமன உறுப்பினரானார். அங்கே விலங்கு வதைத் தடுப்புக்கென்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே அப்படி ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்னதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. அதன்கீழ் 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியம் சென்னையில்தான் தொடங்கியது, ருக்மிணி தேவியே முதல் தலைவர். வதைபட்ட விலங்கை மருத்துவமனைக்கோ பிஞ்சராபோலுக்கோ அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. செலவு அங்கேயும் சொந்தக்காரர் தலையில்தான்.

அதே காலத்தில், 1959-ல், கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி சென்னையில் மழைத் தண்ணீரில் தத்தளித்த ரெண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்ததில் தொடங்கியது புளூ கிராஸ். 1964-ல் பதிவு செய்தார்கள். மாநகராட்சி அப்போது தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடை செய்து பிடித்த தெருவிலேயே திருப்பி விடுங்கள் என்று புளூ கிராஸ்காரர்கள் 1960-களிலிருந்தே சொல்லிவந்தார்கள். மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். முப்பது வருஷத்துக்குமேல் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும். 2001-ல் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று, 2023-ல் புது விதிகள் வந்தன. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாய் அதே தெருவில் நின்றால் ஊசி போடாத புது நாய் அங்கே வருவது குறையும், அதனால் தெருப் பிள்ளைகளுக்கும் காவல் என்பது இதன் கணக்கு. பிடித்து வைத்துக்கொள்வதைவிடத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதில்தான் அந்த வேலையின் உயிர் இருக்கிறது.

நம் பக்கத்து நாய்களுக்கு வேறு விதமான கஷ்டம். கன்னி, சிப்பிப்பாறை ரெண்டும் இந்தக் கரிசல் மண் வளர்த்த நாய்கள். சிப்பிப்பாறை என்ற ஊரே கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெட்டவெளியில் முயலை ஓடிப் பிடிக்கிற உடம்பு. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து முயல் வேட்டை தப்பானது. வேட்டை போனால் வீட்டில் சும்மா கிடக்கிற வேகமான நாய்க்கு என்ன வேலை? இப்போது பேர் பரவி நகரத்தில் விலை கொடுத்து வாங்குகிறார்கள், அப்பார்ட்மெண்டில் ஓட இடம் இல்லாமல் அது சோபாவைக் கிழித்ததும் விட்டுவிடவும் செய்கிறார்கள். பெங்களூரில் என் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் தத்து எடுத்த நாயைக் காட்டினார். "ஏதோ வெளிநாட்டு ஹவுண்ட் கலப்பு போல" என்றார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது எங்க ஊர்க்காரி. அது பெரிய விஷயம், தனிப் பதிவாக எழுதணும்.

சென்னையில் மாட்டுப் பவுண்டு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் மாநகராட்சியின் தொழுவங்கள் உண்டு. 2023-ல் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கிப்போட்ட வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம் அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள், 2024-ல் 10,000 ஆயிற்று. அந்தச் சிறுமியைப் பெற்றவர் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். ரெண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற ஒருத்திக்குப் பத்தாயிரம் எங்கிருந்து வரும் என்பதும் எனக்குத் தெரியும். கட்ட முடியாத அபராதம் மாட்டைத் தொழுவத்தில் நிறுத்தும், வீட்டுக்கு அனுப்பாது. 2025 ஆகஸ்ட் 11 டெல்லி உத்தரவை அதே மாதம் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் திருத்தி, கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். வெறிநோய் உள்ளதும் ஆக்ரோஷமானதும் மட்டும் விலக்கு. நவம்பரில், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாயைத் திரும்ப அங்கே விடக் கூடாது, நெடுஞ்சாலை மாடுகளைப் பிடித்துக் காப்பகத்தில் சேர்க்கணும் என்று இன்னொரு உத்தரவு. மறுபடியும் பவுண்டு வரப்போகிறது. யார் தீனி போடுவது என்பது பற்றி நிறையப் பேசுவார்கள். ரசீதில் சொந்தக்காரருக்குப் புரிகிற தமிழில் நாலு வரி எழுதிக் கொடுப்பார்களா என்பதுதான் என் கவலை.

16-ஆம் பிரிவைப் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப அந்தக் காசு அங்கயே கெடந்துருக்கா" என்றாள். அப்புறம் எனக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

மாடு போன வருஷத்திலிருந்து ஆச்சி சுருக்குப்பையில் ஒரு ரூபாயைத் தனியாகத் துணியில் முடிந்து வைத்திருப்பாளாம். வெற்றிலைக்கும் எடுக்க மாட்டாள், உப்பு வாங்கவும் எடுக்க மாட்டாள். அதற்குப் பேர் பவுண்டுக் காசு. தெருவில் யார் ஆட்டையாவது மாட்டையாவது அடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், அந்த வீட்டுப் பெண்ணிடம் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்து, "மொதல்ல ஓடிப்போய் ஓட்டிட்டு வா, ஆம்பளைக ரோஷமெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம்" என்பாளாம். காசு ஒரு மாசத்தில், ரெண்டு மாசத்தில் திரும்பி வரும். மறுபடி முடிச்சு. நயா பைசா வந்தபிறகும் அது ஒரு ரூபாயாகவே ஓடியது, அப்புறம் ரெண்டானது, அஞ்சானது. பங்காளித் தாத்தா வீட்டு எருமையை ஒருதடவை வேறு யாரோ கொண்டுபோய் அடைத்தபோது அந்த வீட்டு மதினிக்கும் கொடுத்திருக்கிறாள். தாத்தாவுக்குத் தெரியாமல்தான்.

"கடைசியா யாரும்மா வாங்குனது?" என்று கேட்டேன்.

"ஒங்க மேலத்தெரு அத்தைதான். வெள்ளாட்டுக்கு. அதுக்குள்ள பவுண்டையே இழுத்து மூடிட்டாக. அத்தை இன்னும் திருப்பித் தரல" என்றாள் அம்மா.